நாற்காலிக்குத் தோப்புக்கரணம்

பிள்ளைப்பாக்கத்தில் நான் வாடகைக்கு இருந்த வீட்டு வாசலில் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி சுவரை ஒட்டிக் கிடக்கும். வீட்டுக்காரம்மா கைகளை மார்பில் கட்டிக்கொண்டு அதிலிருந்து எழுவார், உட்காருவார், மறுபடி எழுவார். ஊரடங்கு முடிந்து, ஒரகடத்தில் நான் வேலை பார்த்த ஆலையில் எல்லா ஷிஃப்டும் திரும்ப ஓடத் தொடங்கிய ஆண்டு அது, மாதம் ஆவணி.

எதிர்வீட்டு அக்கா வாசல் தெளித்தபடியே கேட்பார்: “இன்னாக்கா, காலங்காத்தால நாற்காலிக்குத் தோப்புக்கரணம் போட்டுக்கினு கீற? புள்ளையார் கோயிலு அடுத்த தெருவுல கீது.”

“நாற்காலிதான்டி இப்ப என் புள்ளையாரு. நீயும் வந்து போடு, உன் இடுப்பு இன்னா கெதில கீதுன்னு தெரியும்.”

கணவர் இறந்தபின் அவர் கீழே தனியாக இருந்தார். மாடி அறைகளில் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த நாங்கள். மொட்டை மாடித் தொட்டியின் வால்வைத் திறந்து எங்களுக்குத் தண்ணீர் விடுவது அவர் வேலை. அதை யாரிடமும் கொடுக்கமாட்டார். முழங்கால் மடங்க மறுத்துப் படியேற முடியாமல் போனதும் வால்வு வேண்டாவெறுப்பாக எங்கள் கைக்கு வந்தது; மறைமலை நகரில் இருந்த மகன் முடிவெடுத்துவிட்டார். “பொங்கலுக்கு வந்து கூட்டிக்கினு போறேம்மா. நம்ம பிளாட்ல லிஃப்ட் கீது.”

“லிஃப்ட்டுல ஏறி எங்கடா போவேன்? அங்க யார்னா தெரியுமா எனக்கு?” என்றார் அம்மா. பிறகு குரல் தாழ்ந்தது. “நானே மாடி ஏறிட்டா வுட்டுடுவியா?” மகன் சிரித்துக்கொண்டே சரி என்றார்.

டாக்டர் சொன்னபடி அம்மா ஏற்கெனவே ஏரிக்கரையில் நடந்துகொண்டுதான் இருந்தார். நடை அவருக்கு நிறையவே உதவியது. தூக்கம் வந்தது, மூச்சு வாங்குவது குறைந்தது. படி மட்டும் மசியவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்த பிசியோதெரபிப் பெண்தான், நடை மட்டும் போதாது, தொடைக்கு வலு வேண்டும் என்று சொல்லி இந்த நாற்காலிப் பயிற்சியைக் கொடுத்தார்.

ஒரே வாரத்தில் முழங்கால் வீங்கிவிட்டது. நடுவில் நிறுத்தி ஓய்வெடுக்கச் சொன்னதை அம்மா காதில் வாங்கவேயில்லை. இளவயதிலிருந்து நாற்று நட்டவர். அவர்கள் கழனி இப்போது தொழிற்பேட்டைக்குள் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. வீக்கத்தைப் பார்த்துக் கடிந்துகொண்ட பெண்ணிடம் அவர் சொன்ன பதில்: “வரப்பு வர்றதுக்குள்ள நிமிந்தா பக்கத்துல நடுறவ வைவாம்மா. எடுத்தத முடிக்காம எப்பிடி வுடுறது?”

பயிற்சியைவிட, நடுவில் நிறுத்தக் கற்றுக்கொண்டதுதான் அவருக்குப் பெரும்பாடு. நான் அவரை வியப்பது முக்கியமாக அதற்காகத்தான். ஒரு வாழ்நாள் வழக்கத்தை அந்த வயதில் மாற்றிக்கொள்ள எத்தனை பேரால் முடியும்? ஐப்பசி மழையில் ஏரிக்கரை சேறானபோது, எதிர்வீட்டு அக்காவும் இன்னும் சிலரும் அவர் வாசலில் கூடினார்கள். நாற்காலிப் பயிற்சி முடிந்ததும் கும்மி. குனிந்து நிமிர்ந்து, சுற்றிவந்து, அடி தப்பியவளைக் கேலி செய்து அவர்கள் போடும் சத்தத்தில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்த எங்களுக்குத் தூக்கம் கெட்டது. கணவர் போன பிறகு அம்மா வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான் என்றார் அக்கா. நடை தராத ஒன்றை நாற்காலி தந்தது. இரண்டும் தராத ஒன்றைக் கும்மி தந்தது. இது மருத்துவ முடிவல்ல, மாடியிலிருந்து நான் பார்த்தது.

பொங்கலன்று மகன் காரில் வந்தார். அம்மா படியேறத் தொடங்கினார். பாதியில் நின்று, படியிலேயே உட்கார்ந்தார். மகன் பதறி ஓடிவந்தார்.

“இர்றா. வரப்பு எங்கயும் ஓடிடாது.”

சற்று நேரத்தில், கைப்பிடியைத் தொடாமல் எழுந்தார். மேலே போய் வால்வைத் திறந்தார். குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. பின்னாலேயே ஏறிய மகன் மேல்படியில் மூச்சு வாங்க நின்றார். அம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “லிஃப்ட்டுலயே போய்க்கினு இருந்தா இப்பிடித்தான். நாளிக்கிக் காலைல வாசலுக்கு வா, கும்மியில ஒரு ஆளு கொறையுது.”