இரண்டு வருஷம் ஓடினால் போதும்

என் அக்கா பத்தொன்பது வருஷமாக என் கடையில் ஒரு டயர்கூட வாங்கவில்லை. ஊர் வண்டியெல்லாம் என்னிடம் வரும். கூடப் பிறந்தவள் வண்டி மட்டும் மூன்று தெரு தள்ளிப் போட்டிக்கடையில் ஜாக்கி மேல் நிற்கும். கேட்டால், "அங்க உக்கார நாற்காலி இருக்கு" என்பாள். நானும் இரண்டு நாற்காலி வாங்கிப் போட்டேன். அப்போதும் வரவில்லை.

அவள் ஆஸ்பத்திரித் துணி வேன் ஓட்டினாள். அழுக்கு மூட்டையோடு சலவைக்கூடம், வெளுத்த துணியோடு திரும்ப ஆஸ்பத்திரி. ஒரு நாளைக்கு ஆறு நடை, முப்பத்தோரு வருஷம். வண்டிக்கு டயர் எங்கே போடுவது என்பது அவள் இஷ்டம்தான். ஹாரனே அடிக்க மாட்டாள். அதனாலேயே வார்டு ஆட்கள் அவளுக்கு 'ஹாரன்' என்று பேர் வைத்திருந்தார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "அவனவன் படுத்த விரிப்பைப் பாத்தவ நான், போதும்" என்று வாயை அடைத்துவிடுவாள்.

ஓய்வு பெற்றதும், கடைசியாக ஓட்டின வேனையே கேட்டு வாங்கினாள். மூட்டை கிடந்த இடத்தில் பலகைக் கட்டில், ஒற்றை அடுப்பு, எண்பது லிட்டர் தண்ணீர்த் தொட்டி. எல்லாம் அவளே முடுக்கியது. துணி வேன் கேம்பர் வேன் ஆனது. ஆயுசெல்லாம் போய்ப் போய்த் திரும்பி வந்தவளுக்கு, திரும்பாமல் நேராக ஓட்டிக்கொண்டே போக வேண்டும் என்று ஆசை.

கட்டில் வேலை முடிந்த வாரம் கல்லீரலில் கட்டி என்றார்கள். ஒரு வருஷம், மிஞ்சினால் ஒன்றரை என்றார் டாக்டர். நான்தான் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். என் மனைவி அழுதாள். எனக்கு ஒன்றும் வரவில்லை. மத்தியானம் கடைக்குப் போய் நாலு வண்டிக்கு வீல் பேலன்ஸ் பார்த்தேன்.

அடுத்த திங்கட்கிழமை வேன் என் கடை வாசலில் வந்து நின்றது.

"டயர் மாத்தணும்டா."

"ஏன், அந்தக் கடைக்காரன் செத்துட்டானா?"

"புதுசுதான் தருவேங்கிறான். எனக்கு ரெண்டு வருஷம் ஓடினா போதும். பழைய சரக்கு உன்கிட்டதான இருக்கும்?"

"என்னக்கா, குத்திக் காட்டறியா?"

"நீ கடை போட்ட வருஷம் என் வண்டிக்கு ரெண்டு மாட்டினியே, புதுசுன்னு சொல்லி? அஞ்சு வருஷப் பழசுடா அது. மூணாம் மாசம் ஒண்ணு வெடிச்சுது."

டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். முதல் இரண்டும் எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டும் எந்த வருஷம் என்று சொல்லும். டயர் பிறந்த தேதி அது. நான் அஞ்சாவதோடு நின்றவன். அந்தக் காலத்தில் அதை ஏதோ சரக்கு எண் என்று நினைத்திருந்தேன். மொத்த வியாபாரி தள்ளிவிட்டதை, பளபளப்பைப் பார்த்துப் புதுசு என்று மாட்டியிருக்கிறேன்.

"அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா கடைய இழுத்து மூடியிருப்ப. அப்பதான் கல்யாணம் ஆயிருந்துச்சு உனக்கு."

கோபம் இருந்த இடத்தில் வேறு எதுவும் வந்து உட்காரவில்லை. உள்ளே போய் இரண்டு டயரை உருட்டி வந்தேன்.

"இது கார் டயரு. அளவு ஒண்ணுதான், ஆனா பக்கம் மெல்லிசு. உன் வேன் நிக்கும்போதும் சுமையோடதான் நிக்குது. கட்டிலையும் தொட்டியையும் ராத்திரி எறக்கி வைக்கவா போற? பிதுங்கிடும். இதப் பாரு, வேனுக்குன்னே வந்தது. பக்கம் கெட்டி."

"எத்தன வருஷம் வரும்?"

"ஆறு."

"அவ்வளவுக்கு யாருடா ஓட்டறது? பாதி தேஞ்சது ஏதாவது எடு."

"பழச மாட்டிட்டு நடுரோட்டுல தனியா கெடக்கவா? இன்னொரு தடவ என் கையால அது நடக்காது."

அவள் குனிந்து நாலு எண்ணையும் விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஏழு வாரந்தான் ஆவுது. பச்சக் கொழந்தையக் கொண்டாந்து என் தலையில கட்டறியே!"

நிமிர்ந்து வண்டிச் சாவியை என்னிடம் நீட்டினாள். "சரி, மாட்டு" என்றாள்.

நாலையும் மாட்டினேன். மறுநாள் கிளம்பிவிட்டாள்.

பதினொரு மாசம் ஓட்டினாள். வாரத்துக்கு ஒரு போன் வரும். எந்த ஊர் என்று சொல்ல மாட்டாள். "காத்து நாலுலயும் சரியா இருக்கு" என்பாள், வைத்துவிடுவாள். நானும் சரி என்பேன். பன்னிரண்டாம் மாசம் வேனைக் கொண்டுவந்து கடைக்குப் பின்னால் நிறுத்தினாள். அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரி. படுத்ததும் விரிப்பைக் கிள்ளிப் பார்த்து, "சரியா அலசல" என்றாள்.

ஒன்பதாம் நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கண்ணை மூடியபடியே பேசினாள்.

"வேன ஒரே எடத்துல விட்டுடாதடா. டயருல அடியில அமுங்கின பக்கம் தட்டையாயிடும். மாசத்துக்கு ஒருக்கா ஒரு முழம் நகத்தி வை. அதுக்கு இன்னும் அஞ்சு வருஷம் இருக்கு."