குரங்கு கொண்டுபோன இரண்டாவது சீடி

எங்கள் வீட்டில் தீபாவளி என்றால் எண்ணெய்க் குளியல், ஆட்டிறைச்சிக் குழம்பு, அதன் பிறகு அந்தப் படம். புதுப் படம் வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. மூன்று சீடியில் வந்த படம் அது. எங்களிடம் இருந்தவை ஒன்றாவதும் மூன்றாவதும்தான். இரண்டாவதைக் குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று மாமா சொல்லியிருந்தார். மாத்தளைத் தோட்டங்களில் குரங்கு எதையும் தூக்கும். ஆகவே நான் சந்தேகப்படவில்லை. கொக்கோ மரங்களுக்கு அடியில் இரண்டு நாள் தேடினேன். கூரையில் உட்கார்ந்திருந்த ஒரு கிழட்டுக் குரங்கைக் கெட்ட வார்த்தையில் திட்டவும் செய்தேன். அதற்கு அம்மாவிடம் அடி வாங்கியது நான்தான். குரங்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

மாமா அம்மாவின் தம்பி. மாத்தளைக்கும் லக்கலைக்கும் இடையில் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கொண்டக்டர். சும்மா இருக்கவே தெரியாத வாய். சித்தி அவருக்கு இளையவள், தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். இருவரும் எங்களோடுதான் லயத்துக் காம்பராவில், தோட்டத்து வரிசை வீட்டின் அந்த ஒற்றை அறையில், இருந்தார்கள். சீடி பிளேயர் வாங்குவதற்கு முந்தின வருஷம் சித்திக்குக் கல்யாணம் வைத்தோம். பந்தல் போட்டு, சமையல் முடித்து, சித்திக்குக் கூறைச்சேலை கட்டி உட்கார வைத்து, பொழுது சாயும் வரை காத்திருந்தும் மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை. பஸ் கிடைக்கவில்லையாம் என்று அம்மா எனக்குச் சொன்னாள். அவர்கள் லக்கலைப் பக்கம். அங்கே பஸ் அருமை என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு விஷயம் மட்டும் மண்டையைக் குடைந்தது. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"அந்த பஸ்ல மாமாதானே கொண்டக்டர்? அவரு ஏன் அவங்கள ஏத்திக்கிட்டு வரல?"

அம்மா என் தட்டில் இன்னும் ஒரு அகப்பைச் சோற்றைப் போட்டு என் வாயை அடைத்தாள்.

படத்துக்கு வருகிறேன். முதல் சீடி, கதாநாயகி வீட்டு வாசலில் கல்யாணப் பந்தல் போடுவதோடு முடிந்துவிடும். மூன்றாவது சீடி தொடங்கும்போது அவள் வேறு ஊரில் தையல் கடை வைத்திருப்பாள். லொறி ஓட்டும் கதாநாயகன் கிழிந்த சட்டையைத் தைக்கக் கொண்டுவந்து நிற்பான். பந்தல் என்ன ஆனது? மாப்பிள்ளை எங்கே போனான்? இதைச் சொல்லும் பொறுப்பை மாமா எடுத்துக்கொண்டார். மாத்தளைத் தியேட்டரில் முழுப் படத்தையும் பார்த்தவர் அவர் ஒருவர்தான் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

முதல் சீடி முடிந்ததும் டீவியை மறைத்துக்கொண்டு எழுந்து நிற்பார். பஸ்ஸில் ஆட்களை உள்ளே தள்ளும் அதே குரலில் கதை தொடங்கும். தாலி கட்டுகிற நேரத்தில் ஒரு காட்டு யானை வரும். பந்தலைப் பிய்த்து எறியும். மாப்பிள்ளை பட்டுவேட்டியோடு பலா மரத்தில் ஏறிக்கொள்வான். யானை போன பிறகும் இறங்க மாட்டான். கதாநாயகி மரத்தடிக்கு வந்து, இடுப்பில் கையை வைத்து அண்ணாந்து பார்த்து, "நீ அங்கயே இரு. எனக்கு நீ வேணாம்" என்று மாலையைக் கழற்றி எறிந்துவிட்டு நடப்பாள்.

அந்தப் படம் நடப்பது கடற்கரை ஊரில். அங்கே யானை எப்படி வந்தது என்று கேட்டேன்.

"லக்கலயில இருந்து நடந்தே வந்துச்சு. பஸ் இல்லல்ல" என்றார்.

வருஷத்துக்கு வருஷம் அந்த மாப்பிள்ளையின் பாடு மோசமாகிக்கொண்டே போனது. அடுத்த தீபாவளிக்குப் பலா மரம் முழுக்க முசுறு எறும்பு. அதற்கும் அடுத்த தீபாவளிக்கு வேட்டி கிளையில் மாட்டிக்கொண்டது, ஆள் மட்டும் சாணிக் குழியில் விழுந்தான். போன வருஷம் அவன் விழவே இல்லையே என்று நான் மடக்கினால், போன வருஷம் நீ சின்னப் பிள்ளை, அதனால் அந்த இடத்தைச் சொல்லாமல் விட்டேன் என்பார். சித்தி சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரிப்பாள். எனக்கும் அந்தப் படத்தில் ரொம்பப் பிடித்த இடம் நான் பார்க்காத இடம்தான். அந்த யானையை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பத்து வயதான வருஷம், தீபாவளிக்கு உடுப்பு எடுக்க அப்பா என்னை யட்டவத்தைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சீடி கடை இருந்தது. அப்பா துணிக்கடையில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நான் நழுவிப் போய், கடைக்கார முஸ்லிம் நானாவிடம் எங்கள் குரங்கின் கதையைச் சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்து இருமினார். பிறகு மேசைக்கு அடியில் துழாவினார்.

"மூணும் இல்ல மகள். ரெண்டாவது மட்டும் தனியா ஒண்டு ஈக்கிது. கொண்டு போங்க, பெருநாளைக்கிப் பாருங்க."

தீபாவளி அன்று லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரையும் அழைத்துவிட்டேன். இன்றைக்கு நிஜ யானை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். காம்பராவில் கால் வைக்க இடமில்லை. முதல் சீடி முடிந்து மாமா தொண்டையைக் கனைத்தபோது, நான் புதுச் சட்டைக்குள் ஒளித்து வைத்திருந்த சீடியை எடுத்து உயர்த்திக் காட்டினேன். பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். மாமாவின் முகம் செத்துப்போனது.

பிளேயர் சூடாகிவிட்டது என்றார். அது வேறு படத்தின் சீடி என்றார். அதில் வைரஸ் இருக்கும், டீவி வெடித்துவிடும் என்றார். நான் எதற்கும் அசையவில்லை. கடைசியில், தூசியாக இருக்கிறது, துடைத்துத் தருகிறேன் என்று கையை நீட்டினார். கொடுத்தேன். சட்டை நுனியால் பக்குவமாகத் துடைத்தார். நாற்காலியில் வைத்தார். அதன் மேலேயே உட்கார்ந்தார்.

'டக்' என்று ஒரு சத்தம்.

"அய்யய்யோ, தெரியாம உக்காந்துட்டேன் புள்ள" என்றார்.

என் வாழ்க்கையில் ஒரு மனிதரைக் கடித்தது அந்த ஒரு நாள்தான். மாமாவின் முழங்கைக்குக் கீழே பல் பதிந்தது. அம்மா என்னை இழுத்து வெளியே விட்டுக் கதவைச் சாத்தினாள். நான் லயத்துக்காரர்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குப் போய்க் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அப்படியும் உள்ளே யானை வந்ததும், மாப்பிள்ளை மரத்தில் ஏறியதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தன. எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தது சித்தி. எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. மாமாவோடு தைப்பொங்கல் வரைக்கும் பேசவில்லை.

அதற்கு இரண்டு வருஷம் கழித்துச் சித்திக்கு நல்ல இடத்தில் கல்யாணம் நடந்தது. இப்போது சித்தப்பாவோடு மாத்தளை டவுனில் இருக்கிறாள். போன தீபாவளிக்கு அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, சும்மா தேடிப் பார்த்ததில் அந்தப் படம் முழுதாக என் ஃபோனில் வந்து நின்றது. துள்ளிக் குதித்துச் சித்தியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன்.

பந்தல் போட்டார்கள். கதாநாயகியைச் சேலை கட்டி உட்கார வைத்தார்கள். யானை வரவில்லை. யாருமே வரவில்லை. பெரியவர்கள் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், சமைத்த சோறு ஆறியது, பொழுது போனது, அந்தப் பெண் தலையை நிமிர்த்தாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. அவசர அவசரமாக நிறுத்தப் பார்த்தேன். விரல் எங்கெங்கோ பட்டுச் சத்தம்தான் கூடியது.

"விடு, ஓடட்டும். நான் பாத்ததுதான்" என்றாள் சித்தி.

"எப்ப?"

"சீடி வாங்கிக்கிட்டு வந்த அன்னைக்கே. நீங்கல்லாம் கோயிலுக்குப் போயிட்டீங்க, நான் தனியா போட்டுப் பாத்தேன். மறுநாளு அண்ணன் அந்த நடுச் சீடிய மட்டும் சட்டைக்குள்ள வச்சு எடுத்துக்கிட்டுப் போனதையும் பாத்தேன்."

"அப்பறம் ஏன் சித்தி ஒண்ணும் சொல்லல?"

"சொல்லியிருந்தா கதைய நிறுத்தியிருப்பாரே" என்றாள். பிறகு, "நீயும் அவருகிட்ட சொல்லிறாத. நான் பாக்கலன்னுதான் இன்னைக்கும் நெனச்சுக்கிட்டு இருக்காரு" என்றாள்.

அன்றைக்கு மாமாவைக் கடித்ததற்காக, இந்த வயதில் எனக்கு அழுகை வந்தது. ஒவ்வொரு தீபாவளிக்கும் முன்வரிசையில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். மாமா கதை சொல்வது பிள்ளைகளான எங்களுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.