சாப்பாட்டுக்கு முன் ஒன்று

எண்பதுகளின் நடுவில், கிள்ளான் பள்ளத்தாக்கில் இருந்த ஓர் அரசாங்க மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பட்டம் வாங்கி, ஒரு வருடப் பயிற்சியையும் முடித்திருந்தேன். வெள்ளைக் கோட்டின் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். ஒன்று எழுதுவதற்கு. மற்றது, முதல் பேனாவை யாராவது இரவல் வாங்கிக்கொண்டு போய்விட்டால் எழுதுவதற்கு. வீடு பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குவார்ட்டர்ஸ். அப்பா ரயில்வேயில் கிளார்க். அம்மா சர்ச்சில் எல்லாரிடமும் மகள் டாக்டர் மாதிரி என்று சொல்லி வந்தார். ‘மாதிரி’யை மட்டும் மெதுவாகச் சொல்வார்.

மருந்து கொடுக்கும் சன்னலில் கண்ணாடி போட்டிருந்தார்கள். அதன் அடியில் கை நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு. நோயாளி பேச வேண்டுமானால் குனிய வேண்டும். நான் பேச வேண்டுமானால் நானும் குனிய வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்தால் எதுவும் கேட்காது. மருந்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே மலாயில் அச்சடித்த லேபிளில் எத்தனை மாத்திரை, எத்தனை வேளை என்று பேனாவால் நிரப்பி, கீழே என் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டு, திறப்பின் வழியாகத் தள்ளுவேன். பிறகு கேட்பேன்.

“புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது மிஸ்.”

எட்டு மாதத்தில் ஒருவர்கூடப் புரியவில்லை என்று சொன்னதில்லை. அதை என் திறமை என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு திங்கட்கிழமை, வரிசை வாசலைத் தாண்டிப் போயிருந்த நேரத்தில், பூச்சோங்கிலிருந்து ஒரு லோரி டிரைவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளிலிருந்து மணல் ஏற்றுகிற லோரி. இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, இருக்கிறது என்று அன்றைக்குத்தான் டாக்டர் அவருக்குச் சொல்லியிருந்தார். ஒரு மாதத்துக்கு அறுபது மாத்திரை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. லேபிளில் சரியாக எழுதினேன். குனிந்து, “சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு போடுங்க அண்ணே, புரிஞ்சுதா?” என்றேன்.

“புரிஞ்சுது மிஸ்,” என்று சொல்லிவிட்டு அவர் அவசரமாகப் போனார்.

ஒன்பது நாள் கழித்து, பகல் பதினொரு மணிக்கு, கூட்டரசு நெடுஞ்சாலையில் லோரியை ஓரம் கட்டினார். சிக்னல் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து, ஸ்டியரிங் மேல் தலையை வைத்துக்கொண்டார். தலை ஹாரன் மேல் இருந்தது. போலீஸ்காரர் வந்து கதவைத் திறக்கும்வரை ஹாரன் நிற்கவில்லை. குடித்திருக்கிறார் என்று நினைத்து முகர்ந்து பார்த்தாராம். வாயில் நாசி லெமாக்கின் தேங்காய்ப்பால் வாசனைதான் இருந்ததாம்.

எங்கள் மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றியதும் அரை மணி நேரத்தில் கண்ணைத் திறந்து, லோரி எங்கே என்று கேட்டாராம். சட்டைப் பையில் இருந்த மருந்துப் பையை வார்டு நர்ஸ் கீழே மருந்தகத்துக்கு அனுப்பினார். அதில் ஏழு மாத்திரை மிச்சம் இருந்தது.

எங்கள் தலைமை மருந்தாளர் ஈப்போவைச் சேர்ந்த சீனப் பெண்மணி. ஐம்பது வயது. குரலை உயர்த்த மாட்டார். ஏழு மாத்திரையையும் தட்டில் கொட்டி எண்ணினார். திரும்ப எண்ணினார். பிறகு லேபிளின் கீழே இருந்த என் முதலெழுத்துகளைப் பார்த்தார்.

“இவரிடம் என்ன சொன்னாய்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“ஞாபகம் இல்லை,” என்றேன்.

ஞாபகம் இருந்தது. ‘ரெண்டு வேளை’ என்ற வார்த்தையை நான் சொல்லவில்லை. வரிசை நீளம் என்பதால் லேபிளில் இருப்பதை வாயால் சொல்லவில்லை. அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். கோட்டின் பையில் இரண்டு பேனாவையும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வார்டுக்குப் போனேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“மிஸ், நீங்க சொன்ன மாதிரியேதான் போட்டேன். ஒரு வேளைகூட விடல.”

“எத்தனை வேளை அண்ணே?”

அவர் விரல் விட்டு எண்ணினார். விடிந்ததும் ரொட்டி சானாய். பத்து மணிக்கு நாசி லெமாக். மத்தியானம் சோறு. மூன்று மணிக்கு தே தாரிக்கும் பிசாங் கோரேங் என்கிற வாழைப்பழ பஜ்ஜியும். ஆறு மணிக்கு மீ. வீட்டுக்குப் போனதும் மனைவி போடும் தோசை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு மாத்திரை. எங்கள் வீட்டில் சாப்பாடு என்றால் சோறு. லோரி ஓட்டுகிறவருக்கு வாயில் போவதெல்லாம் சாப்பாடு. இது எனக்குக் கல்லூரியில் சொல்லித்தரப்படவில்லை.

“கடைசி நாலஞ்சு நாளா கை நடுக்கம், வேர்வை, அகோரப் பசி மிஸ். பசிச்சா சாப்பிடணும்ல. சாப்பிட்டா மாத்திரை போடணும்ல. அதையும் ஒழுங்கா போட்டேன்லா.”

மாத்திரை பசியைக் கிளப்பியது. பசி மாத்திரையைக் கேட்டது. அந்த டிரைவர் என் பேச்சை ஒரு எழுத்து பிசகாமல் கேட்டிருந்தார். அவரைப்போல் கேட்ட நோயாளியை அதற்கு முன்பும் நான் பார்க்கவில்லை, பின்பும் பார்க்கவில்லை. தவறு என்னுடையது என்று நான் அங்கேயே சொல்லியிருக்கலாம். “கஞ்சி ஆறிடும் அண்ணே” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

தலைமை மருந்தாளருக்கு ஒரு சந்தேகம் வந்தது. தப்பாகப் போட்டது இவர் ஒருவர்தானா? சந்தேகம் வந்தால் அவர் ஒரு வேலை கொடுப்பார். மறுநாளிலிருந்து என்னைச் சன்னலிலிருந்து எடுத்து, வெளிவாசல் அருகே இருந்த பெஞ்சில் ஓர் அட்டையோடு உட்காரவைத்தார். மருந்து வாங்கிக்கொண்டு போகிறவர்களை நிறுத்தி, “இதை எப்படிச் சாப்பிடுவீர்கள்?” என்று கேட்க வேண்டும். சொல்வதை அப்படியே எழுத வேண்டும். திருத்துவது பிறகு. ஆராய்ச்சி என்று அதற்கு அவர்தான் பெயர் வைத்தார். பார்க்கிறவர்களுக்கு நான் ஏதோ நன்கொடை கேட்கிற மாதிரி இருந்தது. நிறைய பேர் என்னைக் கண்டதும் வேறு வாசல் வழியாகப் போனார்கள்.

மூன்று வாரம் உட்கார்ந்தேன். தவறாகச் சொன்னவர்களின் எண்ணிக்கையை இங்கே எழுதப்போவதில்லை. தலைமை மருந்தாளர் அதைப் பார்த்துவிட்டு, அட்டையைத் திருப்பிக் கொடுத்து, இன்னொரு முறை எண்ணு என்றார். எண்ணினேன். மாறவில்லை.

சுபாங் ஜெயாவில் இருந்து வந்த ஓர் அக்கா, தொழிற்சாலையில் வேலை. மூன்று வேளை மாத்திரையையும் காலையில் ஒன்றாகப் போட்டுக்கொள்வார். வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்கப் போனால் சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பாராம். ஒரு பாட்டிலில் ‘நன்றாகக் குலுக்கவும்’ என்று எழுதியிருந்ததால், மருந்தைக் குடித்துவிட்டுத் தானும் கொஞ்சம் குதிப்பதாக ஒருவர் சொன்னார். அவர் விளையாடுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை. பங்சாரில் இருந்து வந்த ஓர் அங்கிள் எல்லா மருந்தையும் வேளை பிசகாமல், அளவு பிசகாமல் சொன்னார். மகிழ்ந்துபோய் எழுதினேன்.

“ஆனா நான் இதெல்லாம் சாப்பிடறதில்ல,” என்றார். “வாங்கி வச்சுக்குவேன். டாக்டர் மனசு கஷ்டப்படக் கூடாதுல்ல.”

அவருக்கு அட்டையில் எந்தக் கட்டமும் இல்லை. ஒன்று புதிதாகப் போட்டேன்.

இவர்கள் எல்லாரும் சன்னலில் ‘புரிஞ்சுது’ என்று சொன்னவர்கள். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று ஒரு ஆன்டியிடம் கேட்டேன். “நீ அவ்ளோ ஆசையா கேட்டியேம்மா,” என்றார்.

அந்த நாட்களில் ஒருமுறை கேன்டீனில் நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். ஆர்டர் எடுத்த அண்ணன் எதையும் எழுதவில்லை. நாங்கள் சொல்லி முடித்ததும், “தே தாரிக் ரெண்டு, ஒண்ணு சீனி கம்மி, கோப்பி ஓ ஒண்ணு, மிலோ ஐஸ் ஒண்ணு, சுடுதண்ணி ஒண்ணு, சரியா பாஸ்?” என்று எங்களுக்கே திருப்பிச் சொல்லிவிட்டுப் போனார். சீனி கம்மி எனக்குத்தான் வந்தது. ஒரு கிளாஸ் தேத்தண்ணிக்கு எடுக்கிற சிரமத்தை நாங்கள் இன்சுலினுக்கு எடுப்பதில்லை என்று தலைமை மருந்தாளர் சுடுதண்ணியைக் குடித்துக்கொண்டே சொன்னார்.

அதன்பின் சன்னலில் ‘புரிஞ்சுதா’ தடை செய்யப்பட்டது. நோயாளியே திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் நாளே தகராறு. ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் திறப்பின் வழியாக என்னை முறைத்தார்.

“என்னம்மா, எனக்கே பரீட்சையா? நான் எத்தனை பேருக்குப் பரீட்சை வச்சிருக்கேன் தெரியுமா?”

இரண்டு நாள் யோசித்துக் கேள்வியை மாற்றினோம். “நான் சரியா சொன்னேனான்னு பாக்கணும் சார். வீட்டுல போய் எப்படிப் போடுவீங்கன்னு சொல்லுங்க.” பரீட்சை இப்போது எனக்கு. மதிப்பெண் போடும் வேலை கிடைத்ததும் ஆசிரியர் நிதானமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இரண்டு இடத்தில் தவறு. இரண்டையும் என் கணக்கில் போட்டுக்கொண்டு திருத்தினேன்.

வரிசை கார் நிறுத்தும் இடம்வரை போனது. நிர்வாக அதிகாரி தன் காரை எடுக்க முடியாமல் உள்ளே வந்தார். ஏன் இத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கேட்டார். தலைமை மருந்தாளர் என் அட்டைகளை அவர் முன் வைத்தார். அவர் நின்றபடி படித்தார், பிறகு உட்கார்ந்து படித்தார். அவருடைய அம்மாவும் எங்களிடம்தான் மருந்து வாங்குகிறார் என்பது அப்புறம் தெரிந்தது. ஒரு மாதத்தில் இரண்டாவது சன்னல் திறந்தார்கள். கண்ணாடி இல்லாமல்.

ஆராய்ச்சி அறிக்கையை டைப் அடிக்க உட்கார்ந்தபோது, அந்த லோரி டிரைவரைப் பற்றி ஒரு பத்தி எழுத வேண்டியிருந்தது. ‘லேபிள் சரியாக இருந்தது. வாய்மொழியாக என்ன சொல்லப்பட்டது என்று தெரியவில்லை’ என்று அடித்தேன். தாளை உருவிக் கிழித்தேன். இன்னொரு தாளைச் செருகி அதையே மறுபடி அடித்தேன். பிறகு எழுந்து போய்த் தலைமை மருந்தாளரிடம் சொன்னேன்.

“ரெண்டு வேளை என்று நான் சொல்லவில்லை. எனக்கு அன்றைக்கே ஞாபகம் இருந்தது.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அதையே எழுது,” என்றார்.

“அவரிடம் போய்ச் சொல்ல வேண்டுமா? அப்படி விதி இருக்கிறதா?”

“விதி ஒன்றும் இல்லை,” என்றார். பிறகு, டிரைவரின் முகவரியை அவருடைய மருத்துவமனை அட்டையில் இருந்து ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பஸ் பிடித்துப் பூச்சோங் போனேன். செம்மண் பாதையோரம் தகரக் கூரை வீடு. ஆப்பிள் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். டிரைவர் வீட்டில்தான் இருந்தார். லோரி ஓட்டக் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டதால், இப்போது மணல் எடை போடும் இடத்தில் வேலை. நாள் முழுக்க மற்றவர்களின் லோரியைப் பார்க்க வேண்டும். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் எந்த லோரி எந்த கியரில் திணறுகிறது என்று பத்து நிமிடம் சொன்னார். அவர் மனைவி அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் சொன்னேன். எழுதிவைத்து மனப்பாடம் செய்திருந்தேன்; பாதியில் மறந்துவிட்டது. “தப்பு என்மேலதான் அண்ணே. ரெண்டு வேளைன்னு நான் சொல்லல. அவசரத்துல விட்டுட்டேன். அப்புறம் ஆபீஸ்ல கேட்டப்ப ஞாபகம் இல்லைன்னு பொய்யும் சொன்னேன்.”

அவர் தலையைச் சொறிந்தார்.

“விடுங்க மிஸ். நீங்க சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பேனான்னு தெரியல. அன்னிக்கு லோரிய ஆம்புலன்ஸ் வழியில நிப்பாட்டிட்டு வந்திருந்தேன். மனசெல்லாம் போலீஸ் போடுற சம்மன்லதான் இருந்துச்சு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பயந்துபோய் எனக்கு ஆப்பிள் எடுத்துக் கொடுத்தார்.

“அவருக்குப் பரவால்லன்னு சொல்லுவாரு,” என்றார் அவர் மனைவி. “எனக்குப் பரவால்லாம இல்ல. மூணு பிள்ளைங்க இருக்கு. லோரி ஓரத்துல நிக்காம நடுவுல போயிருந்தா?”

“ஆமாக்கா,” என்றேன்.

அவர் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். வீட்டில் இருந்த எல்லா மாத்திரையும் அதில்தான் கிடந்தது. காய்ச்சலுக்கு, வயிற்றுவலிக்கு, யாருக்கு எப்போது கொடுத்தது என்றே தெரியாதது. “வந்ததுதான் வந்தீங்க, பிரிச்சுக் கொடுத்துட்டுப் போங்க,” என்றார். தரையில் உட்கார்ந்து பிரித்தேன். இரண்டு மணி நேரம் ஆனது. பாதியைக் குப்பையில் போடச் சொன்னேன். மீதி ஒவ்வொன்றையும் எப்படிப் போட வேண்டும் என்று அவர் எனக்குத் திருப்பிச் சொன்னார். நான் கேட்காமலே சொன்னார். ஒரு தவறும் இல்லை. தேத்தண்ணி கொடுத்தார். சிரிக்கவில்லை.

அறிக்கை மேலிடத்துக்குப் போனது. தவறுகளை எழுதிவைக்க எங்கள் மருந்தகத்தில் ஒரு நோட்டு போட்டார்கள். முதல் பக்கத்தில் இருப்பது என்னுடையது. பிறகு வந்த பயிற்சி மருந்தாளர்கள் எல்லாரையும், மாத்திரையைத் தொடுவதற்கு முன்னால், முதல் வாரம் அந்த வாசல் பெஞ்சில் உட்காரவைப்பது வழக்கமானது. தொண்ணூறுகளில் நானே அவர்களுக்குப் பொறுப்பானேன். முதல் நாள் அந்தப் பக்கத்தைப் படிக்கக் கொடுப்பேன். படித்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள், பிறகு நோட்டைப் பார்ப்பார்கள்.

டிரைவரின் மருந்தை ஒவ்வொரு மாதமும் அவர் மனைவிதான் வந்து வாங்கினார். என் சன்னலில் ஆளே இல்லாவிட்டாலும் பக்கத்துச் சன்னலின் வரிசையில்தான் நிற்பார். ஒன்றரை வருடம் அப்படி. ஒருநாள் என் சன்னலுக்கு வந்து சீட்டை நீட்டினார். சீட்டை வாங்கிப் பார்த்தேன். ஏன் என் சன்னலுக்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

“அந்த லைன் நீளம்லா.”

மாத்திரையை எண்ணிக் கொடுத்தேன். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, என்று அவர் சொன்னார். சரி அக்கா என்றேன்.