ஊமைப் படமும் ஊர்ச் சிரிப்பும்

ஊமைப் படத்துக்குப் பக்கத்துல நின்னு பேசுறவனுக்கு ஒரே தலைவலிதான்: படம்தான் ஊமை, பார்க்க வர்றவங்க ஊமை இல்லே.

படம் பேச ஆரம்பிக்கிறதுக்கு முந்தி எங்க டேராக் கொட்டகை சேலம் ஜில்லாவுல ஊர் ஊராப் போய்க்கிட்டிருந்தது. திரையில ஆளுங்க வாயை அசைப்பாங்க, சத்தம் வராது. நடுநடுவே இங்கிலீஷ்ல எழுத்து வரும், அதைப் படிக்க ஆள் கிடையாது. அதனால திரைக்குப் பக்கத்துல ஒரு முக்காலியைப் போட்டு, கையில பேசுறதுக்கு ஒரு தகரக் குழாயைக் கொடுத்து என்னை ஏத்தி விட்டிருந்தாங்க. ராஜா, ராணி, திருடன், குதிரை எல்லாருக்கும் நான்தான் குரல். கதையை யாரு கேட்டா? தமாஷ் பண்ணணும், அதுக்குத்தான் எனக்குச் சோறு. கல்யாண வீட்டுல வாய் சும்மா இருக்காம ஒரு தமாஷ் சொல்லிட்டு, சம்பந்தி மூஞ்சி சுருங்கிப் போறதைப் பார்த்து திருதிருன்னு முழிச்சவங்க உங்கள்ல இருப்பீங்களே, நீங்கள்லாம் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. இது நம்ம சங்கதி.

கத்திச் சண்டையில மரியாதை

நான் ஆத்தூர்ப் பக்கத்து ஆள், எங்க பேச்சு வேற. எங்க முதலாளி திருச்செங்கோட்டுக்காரர். அவர் வாயில 'ங்க' போடாம ஒரு வார்த்தை வராது. கொட்டகைக்குள்ள நாய் பூந்தாக்கூட, "அப்பால போங்க"ம்பார். சங்ககிரியில டேரா போட்டப்போ ஊரே அப்படித்தான் பேசுதுன்னு பார்த்தேன். எனக்குக் குறும்பு வந்துருச்சு. அன்னிக்கு ராஜா படம். ராஜாவும் தளபதியும் கத்தியை உருவிக்கிட்டு முறைச்சுக்கிறாங்க. நான் குழாயை எடுத்து, "ஏனுங்க, வெட்டிப்போடுவனுங்க!" "அதுக்கென்னங்க, வெட்டுங்க பாப்போம்!" "கொஞ்சம் நேரா நில்லுங்க, கழுத்துத் தெரியலீங்க!"ன்னு ரெண்டு குரல்லயும் மாத்தி மாத்தி விளாசினேன்.

ஒண்ணு சிரிப்புல கொட்டகை அதிரும், இல்லாட்டிக் கல்லு வரும்னு நினைச்சேன். ரெண்டும் வரலே. எல்லாரும் கண்ணைக் கொட்டாம சண்டையைப் பார்க்கிறாங்க. எனக்கு ஆச்சரியம் தாங்கலே. சிரிக்க வைக்க முடியாமப் போனா வருத்தப்படலாம். கிண்டல் பண்றதே தெரியாம ஒரு ஊரே உட்கார்ந்திருந்தா என்ன பண்றது? ஆட்டம் முடிஞ்சதும் தலைப்பாக் கட்டின ஒருத்தர் வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டார். "போன வருசம் வந்த டேராவுல ராசாவையே வாடா போடான்னு பேசுனாங்க. நீங்கதானுங்க அவங்களை நல்ல குடும்பத்து ஆளுங்களாட்டச் சண்டை போட வெச்சீங்க!"

எந்தச் சாமி?

சங்ககிரிப் பக்கத்துல தள்ளாத வயசுக்காரரையும் சாமிம்பாங்க, இடுப்புல இருக்கிற குழந்தையையும் சாமிம்பாங்க. எனக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. திரையில எவன் வந்தாலும், "வா சாமி, உக்காரு சாமி"ன்னு குழைவேன். பொம்பளைங்க பக்கம் கலகலன்னு சிரிப்பாங்க. நாக்குல அந்த ருசி ஒட்டிக்கிச்சு. அதோட டேரா ஆத்தூருக்கு வந்து சேர்ந்தது. அதுதான் என் மாமனார் ஊர். எனக்குக் கல்யாணம் ஆன புதுசு. மாப்பிள்ளைக்குக் கம்பெனி உத்தியோகம்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருந்த மனுஷன், பந்துக்களையெல்லாம் கூட்டிக்கிட்டு வந்து முன் பெஞ்சுல உட்கார்ந்திருந்தார்.

படத்துல ஒரு திருடன் கோயிலுக்குள்ள பூந்து நகையை எடுத்துக்கிட்டு, சிலைக்குப் பின்னாடி நின்னு எட்டிப் பார்ப்பான். நான் வழக்கம்போல, "மெள்ள வா சாமி! நகையை இறுக்கிப் பிடி சாமி! சேவகன் வரான், ஓடிடு சாமி!"ன்னேன். மேற்கே சங்ககிரிப் பக்கம் இதுக்கு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. இங்கே சாமின்னா கோயில்ல இருக்கிறவர் மட்டும்தான், ஒருத்தர்கூடச் சிரிக்கலே. மறுநாள் காலையில கோயில் தர்மகர்த்தா நாலு பேரோட வந்து முதலாளி முன்னாடி நின்னார். "சிலையும் திருடனும் ஒரே இடத்துல நிக்கிறாங்க. நகையை இறுக்கிப் பிடி சாமின்னு இந்த ஆளு யாருக்குச் சொன்னாரு? அதை மட்டும் சொல்லட்டும், நாங்க போயிடறோம்."

முதலாளி கும்பிட்டு, தேங்காய் பழத்தோட அவர் கூடவே கோயிலுக்குப் போய் அர்ச்சனை பண்ணிட்டு வந்தார். அது என் பேர்ல வந்த முதல் பிராது. வண்டியில சாமான் ஏத்துறப்போ மாமனார் பக்கத்துல வந்து, ரொம்பப் பிரியமாச் சொன்னார்: "மாப்பிள்ளே, நம்ம புண்ணாக்கு மண்டியில மூட்டை தைக்க ஒரு ஆள் வேணும். அங்கே வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லே."

சிரிக்காத தெரு

அதுக்கப்புறம் எனக்கு எங்கே போனாலும் புண்ணாக்கு வாசனைதான். என் பெண்டாட்டி வேற, "அப்பா நிஜமாத்தான் சொல்றார், கோணி ஊசிகூட வாங்கி வெச்சாச்சு"ன்னு சொல்லி அனுப்பியிருந்தா. இனிமே ஜாக்கிரதையா, ஊருக்குத் தகுந்த மாதிரி பேசிடணும்னு முடிவு பண்ணினேன். ராசிபுரத்துல ஒரு வெள்ளைக்காரத் தொந்தியன் படம். போலீஸ்காரன் துரத்த, அவன் சந்துக்குள்ள ஓடி, துணி காயப் போட்டிருக்கிற கொடியெல்லாம் கழுத்துல சுத்திக்கிட்டு உருளுவான். எந்த ஊர்லயும் குழந்தை குட்டிகூட விழுந்து விழுந்து சிரிக்கிற இடம் அது. ராசிபுரத்துல நெசவுக்காரங்க ஜாஸ்தி. தறியில ஏத்தறதுக்கு முந்தி நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவாங்க, அதுக்குப் பாவுன்னு பேரு. நம்ம ஊரு சமாசாரமா இருக்கட்டுமேன்னு நான் கொடியைப் பாவாக்கிட்டேன். "ஐயையோ, தெருவுல பாவு போட்டிருக்காங்க! தொந்தியன் உள்ளே பூந்துட்டான்! அறுத்துட்டான்! அத்தனையும் சிக்காச்சு!"ன்னு கத்தினேன்.

சிரிச்சுக்கிட்டிருந்த கொட்டகை கப்புனு அடங்கிப் போச்சு. பொம்பளைங்க பக்கம் ஒரு "அடப் பாவி!" கேட்டுது. தொந்தியன் உருள உருள, ஒவ்வொருத்தரா எழுந்து போறாங்க. காலையில தெருவே திரண்டு வந்துருச்சு. நான், "அது பாவு இல்லீங்க, துணிக்கொடிதான், சும்மா ஒரு தமாஷுக்குச் சொன்னேன்"னு கெஞ்சினேன். முன்னாடி நின்னவர் தலையை ஆட்டினார். "பாவுன்னு உங்க வாயாலதானுங்க சொன்னீங்க. அந்தப் பாவு யாரோடதுங்க? அறுந்ததுக்கு அப்புறம் அந்த ஊட்டுல அடுப்பு எரிஞ்சுதா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லாமலே படத்தை முடிச்சுப்போட்டீங்களே!"

அவர் கேட்டது நியாயம்தானே! எல்லா ஊர்லயும் ஒரே தொந்தியன்தான் விழறான், யாரோட நூல்ல விழறான்ங்கிறதுலதான் சிரிப்பே இருக்கு போல. நான் இப்படி யோசிச்சுக்கிட்டு நிக்க, முதலாளி தன் யோசனையைச் சொன்னார்: "ரெண்டு பிராது ஆச்சுங்க. மூணாவது வந்துதுன்னா, நீங்க ஆத்தூர் மோட்டார்ல ஏறிக்கலாமுங்க."

வாயைக் கட்டின வாரம்

ஓமலூர்ல நான் தமாஷே பண்ணலே. எதுக்கு வம்பு? "ராஜா வருகிறார். ராஜா உட்காருகிறார். ராஜா போகிறார்." அவ்வளவுதான். பிராது வராதுன்னு நிம்மதியா இருந்தேன், கூட்டமும் வராமப் போச்சு. ஒரு விவசாயி ஆட்டம் முடிஞ்சு என்னைத் தேடி வந்து, பாவமாக் கேட்டார்: "ராசா வாரதும் போறதும் எங்களுக்கே தெரியுதுங்க. நீங்க எதுக்குங்க முக்காலி மேல கஷ்டப்பட்டு நிக்கறீங்க?"

சரி, மனுஷன் எதுக்குத்தான் சிரிக்கிறான்னு கேட்டே தெரிஞ்சுக்குவோம்னு, முந்தின நாள் படத்துல ஒரு இடத்துல பலமாச் சிரிச்ச ஒருத்தரைப் பிடிச்சு, "ஏன் சிரிச்சீங்க?"ன்னேன். பக்கத்துல இருந்த பங்காளி சிரிச்சதாலேன்னார். பங்காளியைத் தேடிப் பிடிச்சேன். அவர் என்னைச் சந்தேகமாப் பார்த்துட்டுச் சொன்னார்: "அவன் சிரிச்சானுங்க. நான் மட்டும் சும்மா இருந்தா எனக்குப் புரியலைன்னு ஊருல சொல்லிப்போடுவானில்லீங்க?"

அக்கரைக்காரர்

ஒண்ணு மட்டும் எனக்குப் பிடிபட்டிருந்தது. எந்த ஊர்லயும் அந்த ஊரைப் பத்திப் பேசினா முகம் மாறுது. அடுத்த ஊரைப் பத்திப் பேசினா முகம் மலருது. ஜேடர்பாளையத்துல காவேரிக் கரையில டேரா போட்டோம். அந்தப் படத்துல ஒரு மடையன் வருவான். குதிரை மேல திரும்பி உட்காருவான், கிணத்துல குடத்தை விட்டுட்டுக் கயித்தைத் தூக்கிக்கிட்டு வருவான். "இவரு யாருன்னு தெரியுதா? நம்ம அக்கரைக்காரரு!"ன்னு ஒரு போடு போட்டேன். அவ்வளவுதான், சிரிப்புல கொட்டகை ரெண்டாகிப் போச்சு! தொடர்ந்து அதே சிரிப்பு, அதே கூட்டம். முதலாளி எனக்குத் தன் கையால வெத்திலை மடிச்சுக் கொடுத்தார். நானும் மண்டியை மறந்து போனேன்.

ஒரு நாள் ஆட்டம் ஆரம்பிக்கிற நேரம். டிக்கெட்டுக் கிழிக்கிறவர் ஓடி வந்து, அக்கரையிலிருந்து பரிசல் பரிசலா ஆளுங்க வந்து இறங்குறாங்கன்னார். எட்டிப் பார்த்தா, முன்னாடி மணல்ல வரிசையா உட்கார்ந்திருக்காங்க. நல்ல திடகாத்திரமான ஆளுங்க, மடியில தடி. கல்லடி பட்டாக்கூட ஆறிடும், மூணாவது பிராதுக்கு மருந்து ஏது? மாமனார் முன்னாடி போய்க் குனிஞ்சு கோணி ஊசியை வாங்கிக்கணுமே! மடையன் திரையில வந்தான். "இவர் யாரோ ஒருத்தர்"னேன். இக்கரைக்காரங்க பின்னாடியிருந்து, "எந்த ஊருன்னு சொல்லுங்க!"ன்னு கூச்சல் போடுறாங்க. எனக்குக் காது கேக்கலே. கடைசி வரைக்கும் யாரோ ஒருத்தர்தான்.

ஆட்டம் முடிஞ்சதும் தடியோட எல்லாரும் நேரா முதலாளிகிட்டப் போனாங்க. நான் குழாயைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அவங்கள்ல மூத்தவர் என்னைக் கையைக் காட்டிச் சொன்னார்: "இக்கரையில எங்களைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாங்கன்னு சேதி வந்துதுங்க. என்னதான் சொல்றாருன்னு கேக்கலாம்னு, காட்டு வேலையைப் போட்டுப்போட்டு, ஆத்தைத் தாண்டி வாரோம். நாங்க வந்த அன்னைக்குப் பாத்து 'யாரோ ஒருத்தர்'ங்கறாருங்க! நாங்க யாரோவுங்களா?"

முதலாளி அவங்களையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். மீசையைத் தடவினார். "பிராது பிராதுதானுங்க. மூட்டையைக் கட்டுங்க"ன்னார் என்னைப் பார்த்து. நான் குழாயைக் கீழே வெச்சேன். அவர் தொண்டையைச் செருமிக்கிட்டு மிச்சத்தையும் சொன்னார்: "டேராவையும் சேத்துத்தானுங்க! நாளைக்கு அக்கரைக்குப் போறோம். அங்க போயி அந்த மடையனை இக்கரைக்காரனாக்கிப் போடுங்க."

அத்தனை ஊர் சுத்தி நான் கண்டது இவ்வளவுதான்: தன்னைப் பார்த்து யாராவது சிரிச்சா மனுஷனுக்குக் கோபம் வருது, தன்னை விட்டுட்டு எல்லாரும் சிரிச்சா ஆத்தைத் தாண்டி வந்து பிராது கொடுக்கிறான்.