அந்தப் பாட்டு மட்டும் உடனே வந்தது

செல்வம் அண்ணா, உன் லேப்டாப்பைத் தாம்பரம் கடைக்கு நான்தான் எடுத்துப் போனேன். ஹைபிரிட் ஹார்ட் டிஸ்க் போட்டாச்சு, ஒருமுறை கொண்டுபோய்க் காட்டணும் என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய்.

கடைக்காரர் ஒல்லியான மனிதர். காதில் ஸ்க்ரூடிரைவரைச் செருகியிருந்தார்.

"அண்ணன் வரலியாம்மா? கொஞ்ச நாள் ஓட்டிட்டு வாங்க, வேகம் பாக்கலாம்னு சொன்னேனே."

ஜிஎஸ்டி ரோட்டில் நடந்த விபத்தில் நீ போய்விட்டதைச் சொன்னேன். அவர் காதிலிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தார்.

"டெஸ்ட் பண்ற சாஃப்ட்வேர்லாம் நான் நம்ப மாட்டேம்மா. ஓனர் தெனம் தொறக்கறத தொறந்து பாக்கணும். அடிக்கடி தொறக்கறத இந்த டிஸ்க் தனியா எடுத்து வெச்சிக்கும். அது மட்டும் சட்டுனு வரும்."

எனக்கு முன்னால் வந்த வாடிக்கையாளருக்குச் செய்தது போலவே, திரையை என் பக்கம் திருப்பிவிட்டு, அதில் இருப்பதைத் தான் பார்க்காதபடி அவர் ரோட்டைப் பார்த்தார்.

சினிமா, கேம் எல்லாம் யோசித்து யோசித்துத் திறந்தன. நான் பாடி உனக்கு அனுப்பிய வீடியோ தொட்டதும் வந்தது. கேட்டியாண்ணா என்று கேட்கும்போதெல்லாம் "அப்பறம் கேக்கறேன் போடி" என்றாயே.

அவர் திரும்பாமலே சொன்னார். "வேற எதயும் ரொம்ப தொறக்காதம்மா. புதுசு வந்தா பழச விட்டுடும்."

அதனால் அதை மட்டும் தினமும் திறக்கிறேன். இன்னும் சட்டென்று வருகிறது. நீ திறந்ததாலா, நான் திறப்பதாலா என்று இப்போது தெரியவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் எல்லாரும் என் அண்ணன் செல்வத்துக்காக ஒரு தடவை சாமியிடம் வேண்டிக்கொள்ளுங்கள்.