படத்தில் காற்று இல்லாத கடல்

இலங்கையில சண்டை திரும்பவும் தொடங்கின வருஷம் அது. மாத்தளையில எங்க வீட்டு முன் அறையில இருந்துகிட்டு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் குழு ஒண்ணுக்காகக் கணக்குப் போட்டுக்கிட்டிருந்தேன். கடல்மேல வீசுற காத்தை ஒரு செயற்கைக்கோள் மட்டும் அளந்தா, ஒரு நாளைக்கு ரெண்டு தடவைதான் ஓரிடத்தைப் பார்க்கும். இடையில புயலே கிளம்பிடும். அதனால, இப்ப கிடைக்கிற காத்துப் படங்களை வச்சு, பல செயற்கைக்கோளை எந்தெந்தப் பாதையில சுத்தவிடலாம்னு திட்டம் போடுறது என் வேலை. மலைநாட்டுல உட்கார்ந்து கடல் காத்தைக் கணக்குப் போடுறாளேன்னு அக்கம்பக்கத்துல சிரிப்பாங்க. சிரிச்சிட்டுப் போகட்டும்.

மன்னார்ல கல்யாணம் கட்டி அங்கேயே இருந்த என் தம்பி மட்டும் சிரிக்கல. ஒரு காலையில போன் எடுத்தான். அந்தக் காலத்துல போன்ல யாரும் நேரா பேசமாட்டோம். யாரோ ஒட்டுக்கேக்குறாங்கன்னு எல்லாருக்கும் பயம். படகுல ராமேஸ்வரத்துக்குத் தப்பிப் போறதை மாமா வீட்டுக்குப் போறதுன்னு சொல்லுவான். தான் முதல்ல போய், மனுசியையும் பிள்ளையையும் பிறகு கூப்பிடுறதா இருந்தான்.

"அக்கா, நாளைக்கு மாமா வீட்டுக்குப் போகவா? உங்க படத்துல பார்த்துச் சொல்லுங்க."

எந்தப் படத்தைப் பார்க்குறது? செயற்கைக்கோள் அனுப்புற அலை கடல்ல பட்டுத் திரும்பினாத்தான் காத்து தெரியும். கிட்ட கரை இருந்தா அதுலயும் பட்டு எல்லாம் குழம்பிடும். மன்னாருக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவுல உள்ள கடலுக்கு ரெண்டு பக்கமும் கிட்டவே கரை. எங்க படத்துல அந்த இடம் எப்பவும் வெறும் வெள்ளை.

"அந்த இடம் எங்க படத்துல விழாதுடா. எனக்கு ஒண்ணும் தெரியாது. போகாத," ன்னு கத்தியே சொன்னேன். விளங்குது அக்கான்னு அவசரமா வச்சிட்டான். அப்பாடான்னு இருந்துச்சு.

அவன் மறுநாளே ஏறியிருக்கான். அன்னைக்குக் கடல் கொந்தளிச்சதாம். படகு அக்கரை சேரல.

பைத்தியம் பிடிச்சவ மாதிரி பாதைகளைச் சாய்ச்சுப் பார்த்தேன், கீழே இறக்கிப் பார்த்தேன், இன்னும் இன்னும் செயற்கைக்கோளைச் சேர்த்தேன். அந்த வெள்ளை அசையவே இல்ல. கரையோரம் நம்ம திட்டத்துலயே இல்லை, அதை விட்டுடுங்கன்னு குழுத் தலைவர் எழுதினார். நாசமாப் போன திட்டம்னு வாய்விட்டுத் திட்டினேன்.

தம்பி மனுசி பேசினப்ப, அவ்வளவு தெளிவாச் சொல்லியும் ஏன் போனான்னு அழுதேன்.

"நீங்கள் போகவேண்டாம் எண்டது லைனில நிண்டு கேட்டவங்களுக்காக எண்டு நினைச்சிட்டார், மச்சாள். அக்காவுக்குக் காத்து தெரியும், பயத்தில மறைக்கிறா எண்டு சொல்லிச் சிரிச்சுக்கொண்டுதான் படகில ஏறினவர்."