நான் கேட்டு வாங்கிய புரொப்பெல்லர்

மகனின் மீன்பிடிப் படகு எஞ்சினுக்குப் புரொப்பெல்லர் வாங்கப் பொன்னேரிக் கடைக்கு நான்தான் போனேன்.

"லோடு இழுக்கறதா, ஸ்பீடா போறதா, இன்னாம்மா வேணும்?" என்றார் கடைக்காரர்.

சீக்கிரம் கரை சேருவான் என்று வேகமானதைக் கேட்டேன்.

அதை மாட்டிக்கொண்டு அவன் கடலுக்குப் போன முதல் நாள், பழவேற்காட்டு முகத்துவாரத்தைப் பனி மூடியிருந்தது. கரையில் காத்திருந்தேன். எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. அரை மணி நேரமாகியும் அது நெருங்கவில்லை, விலகவுமில்லை. ஒரே இடத்தில் நின்று முனகியது. பிறகு சட்டென்று உயர்ந்தது. பனிக்குள்ளிருந்து படகு மீனில்லாமல் வெறுமையாக வந்தது; மகன் இறங்கினான்.

"லோடோட எதிர்த்தண்ணில நவுரவே இல்லம்மா. மீனெல்லாம் கொட்டிட்டுதான் வந்தேன். நல்லா வாங்கிக்கினு வந்த போ, ஸ்பீடு!"

மறுநாளே மாற்றிவிட்டோம். ஆனாலும் பனிக்காலைகளில் அந்த முனகல் எனக்குக் கேட்கிறது, அவன் என் எதிரே உட்கார்ந்து இட்லி தின்னும்போதும்.